‘எந்தச் செல்லாகவும் மாறும்’: மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் மருத்துவப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும், யூடியூபில் டாக்டர் பேட்டி எடுத்துப் போடும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. பதினோரு வருடம் ஆகிறது. ‘செல் வேலை’ என்றதும் செல்போன் கடை வைத்திருக்கிறேன் என்றுதான் எங்கள் அத்தை இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வளர்ப்பது கருக்குருத்துச் செல்கள். எம்ப்ரியானிக் ஸ்டெம் செல் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பெரிய விஞ்ஞானம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பாதி நாள் அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரியான வேலை. காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்து, பழைய மீடியாவை, அதாவது செல்களுக்குச் சாப்பாடான திரவத்தை, உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். தீபாவளி, பொங்கல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் அதுகளுக்குத் தெரியாது.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு ஞாயிறு இணைப்பு. எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. அதே மாதிரிப் பக்கத்தை வேறு இடங்களிலும் பார்த்துவிட்டேன், அதனால் பெயரில் பெரிய விஷயம் இல்லை.

அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பியது மதினி, என் பெரியப்பா மகனின் மனைவி. அவர்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கும், உட்கார வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள். மதினி வாட்ஸ்ஆப்பில் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “தம்பி, இது நீங்க செய்ற வேலைதானே?”

பெரிதாக்கிப் பார்த்தேன். அரைப் பக்கக் கட்டுரை. நடுவில் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்று: தட்டையான, நெருக்கமான செல் கூட்டம், ஓரம் கத்தரித்தது போலச் சுத்தமாக. அசல் கருக்குருத்துச் செல் காலனி. என் தட்டில் எடுத்த படம் என்று சொன்னால் நானே நம்பியிருப்பேன். படத்துக்கு அடியில், ‘உடலின் எந்தச் செல்லாகவும் மாறும் அதிசயச் செல்கள்’. கட்டுரைக்குள் போனால் கதை வேறு. குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து, அன்றைக்கே முதுகுத்தண்டு நீரில் ஏற்றுவார்களாம். மூன்று தவணை. கடைசியில் ஒரு தொலைபேசி எண்.

படத்தில் இருப்பது என் வேலை, கட்டுரையில் இருப்பது வேறு என்பதை மதினிக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரியாமல் நான் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டேன். அதற்குள் முன்பணம் கட்டியாகிவிட்டது. அப்புறம் மதினியின் ஆரம் அடகுக்குப் போனது. மூன்று தவணையும் முடிந்து, பிள்ளை இன்றைக்கும் அப்படியேதான் சாய்கிறாள். ‘நாலாவது தவணை போட்டால் பலன் தெரியும்’ என்றார்களாம். நல்லவேளை, அடகு வைக்க எதுவும் மிச்சமில்லை.

மருத்துவமனையைப் பற்றிப் புகார் செய்ய இது இடமில்லை. உங்களிடம் பேச வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றி. ‘எந்தச் செல்லாகவும் மாறும்’ என்ற வரி எங்கள் தட்டிலிருந்து கிளம்பியது. அது பொய்யில்லை. எந்தச் செல்லைப் பற்றி, எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்பதை உதறிவிட்டு, வாசகத்தை மட்டும் எடுத்து வேறொரு பொட்டலத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். ஒட்டிய இடம் உங்கள் பக்கம்.

சரி, அந்த வரி எங்கிருந்து வந்தது?

கருத்தரித்த ஐந்தாம் ஆறாம் நாளில் மனிதக் கரு என்பது நூறு இருநூறு செல்கள் கொண்ட ஒரு நீர்க்குமிழி. ஊசி முனையளவு. அந்தக் குமிழிக்குள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொத்துதான் பின்னால் முழுப் பிள்ளையாகிறது. அந்தக் கொத்தை எடுத்துத் தட்டில் வளர்த்தால், வளர்ச்சி அந்த நிலையிலேயே நின்றுபோய், செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும். எலியில் இதை 1981ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் செய்தார்கள். அதே வருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டின் தனியாகச் செய்தார். மனிதச் செல்லுக்கு இன்னும் 17 வருடம் பிடித்தது. 1998ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் ஐந்து செல் வரிசைகளை, அதாவது தட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் செல் வம்சங்களை, உருவாக்கினார். அவற்றில் ஒன்றான எச்9 இன்றைக்கும் உலகெங்கும் இன்குபேட்டர்களில் இருக்கிறது. நம் பக்கத்தில் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு, செயற்கைக் கருத்தரிப்பில் தரம் குறைவு என்று ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து இரண்டு வரிசைகளை உருவாக்கி 2009ல் வெளியிட்டது. ஒதுக்கிப் போட்ட கருவிலிருந்து வந்த செல் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

இந்தச் செல்தான் எந்தச் செல்லாகவும் மாறக்கூடியது. எலும்பு மஜ்ஜைச் செல் அப்படி இல்லை.

‘மாறக்கூடியது’ என்பதிலும் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில், மாறாமல் வைத்திருப்பதே பெரும்பாடு. இந்தச் செல்களுக்கு இயல்பு மாறுவதுதான். கொஞ்சம் அசந்தால் ஏதோ ஒன்றாக மாற ஆரம்பித்துவிடும். 37 டிகிரி, ஐந்து சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. மீடியாவில் இருக்கும் வளர்ச்சிப் புரதம் அந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால்தான் தினமும் மாற்றுவது. தட்டின் அடியில் பூசும் மேட்ரிஜெல் என்ற கூழ் எலியின் கட்டி ஒன்றிலிருந்து எடுப்பது; முந்தின ராத்திரியே ஐஸில் வைத்து உருக விட வேண்டும். திரவத்தை உறிஞ்சி ஊற்றும் பைப்பட் குழாயின் முனை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் குழாய்க்குள்ளேயே தயிர் மாதிரி உறைந்துவிடும், அன்றைக்கு வேலை போச்சு. நாலைந்து நாளுக்கு ஒருமுறை காலனிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். மனிதச் செல்லைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும். கூட்டமாக இருந்தால்தான் பிழைக்கும். ஜப்பானில் யோஷிகி சசாயின் குழு 2007ல் ஒரு மருந்துப் பொருள் இந்தச் சாவைத் தடுக்கும் என்று காட்டிய பிறகுதான் தனிச் செல்லாகப் பிரிக்கிற தைரியமே எங்களுக்கு வந்தது.

ஒவ்வொரு நாளும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து காலனி காலனியாகப் பார்ப்பேன். நல்ல காலனி தோசைக்கல்லில் நிதானமாக ஊற்றின மாவு போலத் தட்டையாக, வட்டமாக இருக்கும். ஓரம் கலைந்து, செல்கள் நீண்டு, நடுவில் மேடு தட்டினால் கெட்டுப்போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைப் பைப்பட் முனையால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வயலில் களை பறிக்கிற மாதிரிதான். சில மாதத்துக்கு ஒருமுறை குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கிறோம். ஏனென்றால், வளர்க்க வளர்க்க, தட்டில் வேகமாகப் பெருகத் தெரிந்த செல்களே மிஞ்சும். 12, 17, 20ஆம் குரோமோசோம்களில் கூடுதல் துண்டோ முழுக் குரோமோசோமோ சேர்ந்துவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கண்ணுக்கு அழகாக இருக்கும் தட்டை அந்த ரிப்போர்ட் வந்ததும் தூக்கிப் போடுவதற்கு ஒரு மனசு வேண்டும்.

இவ்வளவும் செல்லைச் செல்லாகவே வைத்திருக்க. இனிமேல்தான் மாற்றுவது.

நான் முதலில் மாற்றியது இதயத் தசை. சொல்லப்போனால் இருப்பதிலேயே ஓரளவு எளிதானது அதுதான். முதல் நாள் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து ஒரு சமிக்ஞையைத் தூண்டிவிட வேண்டும். மூன்றாம் நாள் இன்னொரு பொருளால் அதே சமிக்ஞையை அடக்க வேண்டும். முதலில் ‘போ’, அப்புறம் ‘நில்’. கருவில் இதயம் உருவாகும் இடத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். எட்டாம் நாள் காலை தட்டைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஓர் ஓரத்தில் ஏதோ அசைந்தது. கை நடுங்குகிறது என்று நினைத்துத் தட்டிலிருந்து கையை எடுத்தேன். அப்போதும் அசைந்தது. நாற்பது ஐம்பது செல்கள் சேர்ந்து சுருங்கி விரிகின்றன, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரே தாளத்தில். பக்கத்து அறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டேன். காவலாளி அண்ணாச்சியைக்கூட.

அந்தத் தட்டில் ஆறு குழிகள். துடித்தது இரண்டு. மற்ற நாலும் அதே செல், அதே மருந்து, அதே நாள், அதே கை. துடிக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது: ஆரம்பத்தில் விதைத்த செல் எண்ணிக்கை குழிக்குக் குழி கொஞ்சம் கூடக் குறைய இருந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே செல் வேறு பாதையில் போய்விடும். துடித்த இரண்டும்கூடக் கருவில் இருக்கும் பிள்ளையின் இதயச் செல் மாதிரித்தான். பெரியவர்களின் இதயச் செல்லாக முதிர்வது தனிப் போராட்டம்.

மஜ்ஜையை எடுத்து அன்றைக்கே முதுகில் ஏற்றினால் அது மூளையைத் தேடிப் போய் நரம்பாக மாறும் என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொல்லும்போது, அந்த நாலு குழிகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

கணையச் செல் இன்னும் நீளம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை உருவாக்க, கரு போகிற வழியிலேயே செல்லையும் படிப்படியாக நடத்திக்கொண்டு போக வேண்டும். முதலில் கருவின் உள்ளடுக்கு, அப்புறம் குடல் குழாய், அதில் கணையம் முளைக்கும் பகுதி, பிறகு கணையத்தின் மூலச் செல், கடைசியில் பீட்டா. ஒவ்வொரு படிக்கும் வேறு மீடியா, வேறு மருந்து, வேறு நாள் கணக்கு. ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு படியில் ஒரு நாள் தவறினால் கல்லீரல் மாதிரியோ குடல் மாதிரியோ ஏதோ ஒன்று கிடைக்கும்; கணையம் கிடைக்காது.

இதைச் சாதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன். தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991ல் ஆறு மாதமே ஆன அவர் மகனுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் தவளையை விட்டுவிட்டுக் கணையத்துக்கு வந்தார். பிறகு மகளுக்கும் அதே நோய் வந்தது. அவர் குழு தட்டில் பீட்டா செல்லை ஏராளமாக உருவாக்கும் வழியை வெளியிட்டது 2014ல். அதாவது 23 வருடம். அந்த வழியில் வளர்ந்த செல்களை வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2025ல் வந்தது: முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி போடாமல் இருந்தார்கள். படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் ஸ்வீட் வாங்கினோம் (சர்க்கரை நோய்க்கு ஸ்வீட்டா என்று கேட்காதீர்கள்). ஆனால் அதே அறிக்கையிலேயே, செல்லை உடம்பு ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பதும், ஆய்வில் இருந்த 14 பேரில் இருவர் இறந்ததும், அதில் ஒருவருக்கு மூளை உறையில் வந்த தொற்று (மெனிஞ்சைட்டிஸ்) என்பதும் இருக்கிறது. மறைக்கவில்லை. எத்தனை பேர், எத்தனை நாள், யாருக்கு என்ன ஆனது, எல்லாம் எழுத்தில். உங்கள் பக்கத்தில் வரும் கட்டுரைகளில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. ‘நல்ல முன்னேற்றம்’ என்று மட்டும் இருக்கும்.

ஒரு தகப்பனாக மெல்டனுக்கு இருந்த அவசரம் மதினிக்கு இருந்த அவசரத்தைவிடக் குறைவாக இருந்திருக்காது. தன் பிள்ளைக்கு மாறாத செல்லை ஏற்றிப் பார்க்க அவர் முயலவில்லை. ஏன் என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு செல் உண்மையிலேயே எந்தச் செல்லாகவும் மாறக்கூடியதா என்று நாங்கள் எப்படிச் சோதிக்கிறோம் தெரியுமா? எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்கு மாறாத செல்லை அப்படியே ஊசியில் ஏற்றுவோம். சில வாரத்தில் அங்கே ஒரு கட்டி வளரும். வெட்டிப் பார்த்தால் குருத்தெலும்பு, குடல் போல ஒன்று, நரம்பு போல ஒன்று, தோல், எல்லாம் தாறுமாறாக ஒரே உருண்டையில். டெரட்டோமா என்று அதற்குப் பெயர். எந்தச் செல்லாகவும் மாறும் என்பதன் நேரடிப் பொருள் அந்த உருண்டைதான். விளம்பரத்தில் வாழ்த்து மாதிரி எழுதும் வரி எங்களுக்கு எச்சரிக்கை வரி.

‘மஜ்ஜைச் செல்லில் அந்த ஆபத்து இல்லையே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அந்த ஆபத்து இல்லாததற்குக் காரணம் அதற்கு அந்தத் திறமையும் இல்லை என்பதுதான். மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் ரத்தத்தை உருவாக்கும். அதில் அது கெட்டிக்காரச் செல். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நிஜமாகவே உயிர் காப்பது. வேலூர் சி.எம்.சி.யில் 1980களிலிருந்தே செய்துவருகிறார்கள். அதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள். ரத்தம் உருவாக்கும் செல்லுக்கு மூளைச் செல்லின் வேலையைக் கொடுத்து எழுதுவதுதான் சிக்கல்.

ஆபத்தே இல்லை என்பதும் சரியில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவின் நரம்புச் செல்களை ஏற்றினார்கள். சில ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வந்தன, அந்தக் கட்டி அவன் செல் இல்லை, கொடுத்தவர்களின் செல் என்று 2009ல் வெளியான அறிக்கை காட்டியது. ஃபுளோரிடாவில் கண் பார்வை மங்கிய மூன்று பெண்களுக்குச் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஊசி போட்டு, இருந்த பார்வையும் பெருமளவு போனது. 2017ல் வந்த அறிக்கை. ஆளுக்கு 5,000 டாலர் கட்டிப் போட்டுக்கொண்ட ஊசி அது. ‘உங்கள் சொந்தச் செல்தானே, என்ன ஆகிவிடப்போகிறது’ என்ற பேச்சு பேட்டிகளில் அடிக்கடி வருகிறது. அடுத்த முறை அதைக் கேட்கும்போது அந்த ஆறு கண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து போட்ட வழிகாட்டுதலின் தலைப்பில் 2007ல் ‘ஆராய்ச்சியும் சிகிச்சையும்’ என்று இருந்தது. 2013ல் திருத்தியபோது ‘சிகிச்சை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2017ல் மறுபடி திருத்தியபோதும் அது திரும்பி வரவில்லை. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற எதற்கும், அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அரசாங்கம் யோசித்து எடுத்த ஒரு சொல்லை நம் ஞாயிறு இணைப்பு தலைப்பிலேயே திரும்பப் போடுகிறது.

இன்னொன்று, 1954ஆம் வருடத்து மாய மருந்துகள் விளம்பரச் சட்டம். பக்கவாதம், சர்க்கரை, வலிப்பு, பார்வையின்மை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அவற்றை மருந்தால் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த நபரும் எந்தப் பங்கும் கொள்ளக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். விற்பவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை, வெளியிடுவதில் பங்கு கொள்பவரையும் சேர்த்தே சொல்கிறது. தொலைபேசி எண் போட்ட கட்டுரையைக் கட்டுரை என்று நீங்கள் சொல்லலாம். மதினி அதை விளம்பரமாகத்தான் படித்தார், அந்த எண்ணுக்குத்தான் போன் செய்தார்.

எழுதவே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்களைப் பற்றி யாராவது தமிழில் நன்றாக எழுதமாட்டார்களா என்று ஏங்குகிறவன் நான். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை மேஜைக்கு வந்தால், பேட்டி கொடுப்பவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: எந்தச் செல்லை ஏற்றுகிறீர்கள், எங்கிருந்து எடுத்தது? ஏற்றுவதற்கு முன்னால் அதை எந்தச் செல்லாக மாற்றினீர்கள், எத்தனை நாள் பிடித்தது? மாறியது என்று எப்படித் தெரியும்? மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? ஆய்வு என்றால் நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ‘உடம்புக்குள் போய்த் தானாக மாறிக்கொள்ளும்’ என்று பதில் வந்தால் அங்கேயே பேனாவை மூடிவிடலாம். தானாக மாறுகிற செல்லை நான் தினமும் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

படம் வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், நல்ல காலனிப் படங்கள் என்னிடம் ஏராளம். ஒரே நிபந்தனை, மஜ்ஜை ஊசிக் கட்டுரைக்கு மேலே அதைப் போடக் கூடாது. துடிக்கிற இதயச் செல்லின் வீடியோவும் இருக்கிறது. பக்கத்திலேயே துடிக்காத நாலு குழிகளின் வீடியோவும் தருவேன், இரண்டையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால்.

சந்தேகம் வந்தால் அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை இந்த மாதிரி ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள், எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை. மீடியா மாற்ற யாராவது ஒருவர் வந்திருப்பார்.

இப்படிக்கு,
பெங்களூரிலிருந்து ஒரு செல் வளர்ப்பவன்